சுவரில் மாட்ட முடியாத வெர்னா

எங்கள் மலையடிவார பாரில், கணப்புக்கு மேலே ஒரு சுவர் உண்டு. இனி மலையேற முடியாது என்று ஓய்ந்தவர்களின், பனியில் சறுக்கக் காலில் பூட்டும் ஸ்கீக்களை அதில் குறுக்காக மாட்டி, கீழே பித்தளைத் தகட்டில் பெயரைப் பொறித்து வைப்போம். மொன்டானாவின் இந்த மூலையில் அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. பெரும்பாலும் அது ஆள் போன பிறகுதான் வரும்.

வெர்னா கோஸ்டெலிச்சுக்கு உயிரோடு இருக்கும்போதே வந்துவிட்டது. அதுதான் வினையாயிற்று.

அன்று அவளுக்கு அறுபதாவது பிறந்தநாள். பனி தள்ளும் அரசாங்க லாரியை நிறுத்திவிட்டு, சிவப்புக் கம்பளித் தொப்பியோடு பாருக்குள் நுழைந்தாள். நாங்கள் எல்லோரும் கூச்சலிட்டுக் கைதட்டினோம். அவள் புருஷன் எம்மட், கண்கள் கலங்க, சுவரைக் காட்டினான். அங்கே அவளுடைய சிவப்பு ஸ்கீக்கள் தொங்கின.

அவள் முகத்தைப் பார்த்ததும் கைதட்டல் தானாக நின்றது.

"யார் செஞ்ச வேலை இது?"

"ஊரே சேர்ந்துதான், வெர்னா. சந்தோஷப்படுவேன்னு நெனச்சோம்" என்றான் எம்மட்.

"சுவத்துல மாட்டி வைக்க நான் என்ன மான் தலையா?"

"இடுப்பு மூட்டையே மாத்தியாச்சு. இனிமே உனக்கு எதுக்கு மலை? டாக்டர் என்ன சொன்னாரு?"

"நல்லா நடன்னு சொன்னாரு. எங்க நடக்கணும்னு சொல்லல. நாளைக்குக் கழுதைமுதுகுல நடக்கப் போறேன்."

நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். எம்மட் பிடிக்க வந்தபோது முழங்கையால் தள்ளினாள். ஸ்கீக்களைப் பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டாள். கேக் வெட்டப்படாமலே கிடந்தது.

கழுதைமுதுகு என்பது, கம்பியில் தொங்கி ஆளை மேலே தூக்கிப்போகும் லிஃப்ட் முடிகிற இடத்துக்கும் மேலே நிமிர்ந்து நிற்கும் முகடு. அதன் மறுபக்கம்தான் எவர் தடமும் படாத பனி. அதை வேண்டுகிறவர்கள் ஸ்கீக்களைத் தோளில் சுமந்து, பனியைப் பூட்ஸ் முனையால் உதைத்து உதைத்துப் படி செய்துகொண்டு ஏற வேண்டும். புதுப்பனி விழுந்த காலையில் யார் முன்னால் போய்ப் படி போடுகிறாரோ, உச்சியிலிருந்து முதலில் சறுக்கி இறங்கும் உரிமை அவருக்குத்தான். களைத்துப்போனால் அவரே விலகி நின்று வழிவிடலாம். அவர் விலகாதவரை பின்னால் வருகிறவர் யாரும் தாண்டக்கூடாது. அப்படித் தாண்டியவனோடு எங்கள் ஊரில் ஒருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து பீர் குடிக்க மாட்டார்கள்.

மறுநாள் காலை, இரவெல்லாம் கொட்டிய பனி நின்று வானம் பளிச்சென்று இருந்தது. முகட்டின் அடியில் ஒரு வாசல் உண்டு. அங்கே நிற்கும் மலைக்காவலன் டெல்மர், பனியில் புதைந்தால் இடத்தைக் காட்டிக்கொடுக்கும் கருவி ஒவ்வொருவர் நெஞ்சிலும் இருக்கிறதா என்று பார்த்துத்தான் உள்ளே விடுவான்.

"கருவி இருக்கு, மண்வெட்டி இருக்கு. சரி, உங்க ஜோடி எங்க, வெர்னா? தனியாளை விட முடியாது. சட்டம் தெரியுமில்ல?"

வெர்னா திரும்பி எம்மட்டைப் பார்த்தாள். முப்பது வருஷமாக அவளுக்கு ஜோடி அவன்தான். அவன் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"நான் வரல. நான் வரலைன்னா நீயும் போக முடியாது. வா, வீட்டுக்குப் போலாம்."

பெற்ற தாய் இறந்த நாளில்கூட அழாதவள் அவள். அந்த இடத்தில் அவள் உதடு துடித்ததை நான் பார்த்தேன். வரிசையில் நின்ற யாரும் ஜோடியாக வர முன்வரவில்லை. எல்லோருக்கும் எம்மட் சிநேகிதன்.

"நான் போறேன் ஜோடியா."

குரல் வந்த பக்கம் பார்த்தோம். டோவா! வெர்னாவின் மருமகள். ஒட்டடைக்குச்சி உயரம், முதுகில், இரண்டு காலையும் ஒன்றிலேயே பூட்டிச் சறுக்கும் ஒற்றைப் பலகை. இரண்டு ஸ்கீயில் போகிறவர்களுக்கும் ஒற்றைப் பலகையில் போகிறவர்களுக்கும் இங்கே ஜென்மப் பகை. மகன் அவளைக் கட்டிக்கொண்ட நாள் முதல் வெர்னா அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது.

"பலகைக்காரியோடயா?" என்றாள் வெர்னா.

"வேற யாரும் வரேன்னு சொல்லலையே. வேண்டாம்னா சொல்லுங்க, நான் பாட்டுக்குக் கீழ போறேன்."

வெர்னா ஸ்கீக்களைத் தோளில் ஏற்றினாள். "நட."

டோவா முன்னால் படி போட்டாள். நீண்ட கால்கள். ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் வெர்னாவின் இடுப்பளவு உயரம். நாலு படி ஏறுவதற்குள் வெர்னாவின் முகம் வெளுத்தது.

"ஸ்கீயைக் குடுங்க, நான் தூக்கிக்கிறேன்" என்று டோவா கையை நீட்டினாள்.

"கையை வெட்டிடுவேன். அவனவன் சுமை அவனவன் தோள்ல. நகரு, படி நான் போடறேன்."

டோவா விலகி வழிவிட்டாள்.

வெர்னா உதைத்தாள். சின்னச் சின்னப் படிகள். ஓர் உதை, ஒரு மூச்சு, ஓர் உதை. அவளுக்குப் பின்னால் டோவா, அதற்குப் பின்னால் நாங்கள், ஸ்கீக்களும் பலகைகளும் சுமந்த எறும்பு வரிசை. குளிரில் மூக்குமுடி உறைந்தது. வரிசை நின்றுவிட்டதா நகர்கிறதா என்றே தெரியவில்லை.

"யாருப்பா முன்னால? ஆமைக்குப் பொறந்ததா?" என்று கீழிருந்து ஒருவன் கத்தினான். "நாங்க தாண்டிக்கிறோம்!"

டோவா திரும்பினாள். பலகையைக் குறுக்கே போட்டு வழியை அடைத்தாள்.

"தாண்டிப் பாரு! படி போடறவங்க விலகாம எவனாவது தாண்டினா, இந்தப் பலகையாலயே கீழ உருட்டி விடுவேன். அவசரம்னா லிஃப்டுக்கே திரும்பிப் போ, அங்க கக்கூஸும் இருக்கு!"

வரிசை முழுக்கச் சிரிப்பு. வெர்னா திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அவள் தோள் குலுங்கியது.

முகட்டின் கழுத்தில், எல்லாவற்றையும்விடச் செங்குத்தான இடத்தில், அவள் கால் வழுக்கியது. ஒரு முழங்கால் மடிந்தது. தோளிலிருந்த ஸ்கீக்கள் சரிந்து பனியில் குத்தி நின்றன. அப்படியே நெற்றியைப் பனியில் சாய்த்துக்கொண்டாள். நேரம் போய்க்கொண்டே இருந்தது.

அப்போதுதான் வரிசையின் கடைசியிலிருந்து அந்தக் குரல் கேட்டது.

"வெர்னா! போதும்! விலகிக்கோ!"

எம்மட்! வரமாட்டேன் என்றவன், எங்களுக்கெல்லாம் பின்னால், தன் ஸ்கீக்களையும் சுமந்துகொண்டு, அவள் போட்ட படிகளிலேயே ஏறி வந்திருக்கிறான்.

"ஆஸ்பத்திரியில உன்னை உள்ள தள்ளிட்டுப் போய்க் கதவை மூடினாங்க. அந்தக் கதவு முன்னால நின்னவன் நான். இன்னொரு தடவை என்னால நிக்க முடியாதுடீ!"

"அப்ப உக்காரு!" என்று மேலிருந்து பதில் வந்தது.

யாரும் சிரிக்கவில்லை. அவள் மெல்ல நிமிர்ந்து திரும்பினாள். கன்னத்தில் கண்ணீர் உறைந்து வெள்ளைக் கோடாக இருந்தது.

"நீ பயந்தது எனக்குத் தெரியும், எம்மட். மயக்கம் தெளிஞ்சு பாத்தப்ப உன் மூஞ்சிதான் முதல்ல தெரிஞ்சுது. பத்து வயசு கூடியிருந்துது. ஆனா உன் பயம் தீரணும்னு என்னை உயிரோட புதைக்கலாமா? நான் விலக மாட்டேன். இருட்டினாலும் சரி, விலக மாட்டேன்!"

ஸ்கீக்களைப் பிடுங்கி மறுபடியும் தோளில் போட்டாள். உதைத்தாள். டோவா கையை நீட்டவில்லை. அவள் விழுந்தால் தன் மேல் விழட்டும் என்பதுபோல நெருங்கி நின்றாள், அவ்வளவுதான்.

உச்சியில் காற்று அறைந்தது. கீழே மறுபக்கம், மடித்து வைத்த புது வேட்டிபோல, ஒரு கீறல்கூட இல்லாத பனி. வெர்னா ஸ்கீக்களைக் கீழே போட்டு, அவற்றின் பூட்டில் பூட்ஸை அழுத்தினாள். பொருந்தவில்லை. பூட்ஸின் அடியில் ஐஸ் கட்டியிருந்தது. குனிந்து சுரண்ட அந்த இடுப்பு இடம் கொடுக்கவில்லை. சறுக்கும்போது ஊன்றும் தடியால் குத்திக் குத்திப் பார்த்தாள். எம்மட் மூச்சிரைக்க வந்து அவள் காலடியில் மண்டியிட்டான். கையுறையைக் கழற்றிவிட்டு, நகத்தால் ஐஸைச் சுரண்டினான். அவள் தடுக்கவில்லை.

"நான் முதல்ல இறங்கிப் பாக்கட்டுமா? பனி எப்படி இருக்குன்னு..."

"படி போட்டது யாரு?"

"நீதான்."

"அப்ப தள்ளு."

இறங்கினாள். முதல் வளைவு கோணலாகப் போயிற்று. இரண்டாவதில் உட்கார்ந்தே விட்டாள் என்று நினைத்தோம், இல்லை, எழுந்துகொண்டாள். அதற்கப்புறம் பனித்தூள் அவள் மார்புவரை பொங்கியது. சிவப்புத் தொப்பி மட்டும் இடமும் வலமும் போய்க்கொண்டே இருந்தது. உச்சியில் நின்ற நாங்கள், ஆமை என்று கத்தியவன் உட்பட, தொண்டை கிழியக் கூவினோம். எம்மட் அழுதான். மறைக்கக்கூட முயலவில்லை.

நாங்கள் எல்லோரும் மறுபக்கம் சறுக்கி, மலையைச் சுற்றிக்கொண்டு அடிவாரம் வந்து சேர்ந்தபோது அவள் மறுபடியும் லிஃப்ட் வரிசையில் நின்றிருந்தாள். இரண்டு பேர் உட்காரும் நாற்காலி லிஃப்ட் அது. எம்மட் ஓடிப்போய்ப் பக்கத்தில் நின்றுகொண்டான்.

"ஜோடி நான் வரேன், வெர்னா."

"எனக்கு ஆள் இருக்கு" என்றாள் அவள். பிறகு தலையைத் திருப்பிக் கத்தினாள்: "டோவா! வாடி சீக்கிரம், நாற்காலி வந்துருச்சு!"

இருவரும் ஏறி உட்கார்ந்தார்கள். நாற்காலி அவர்களைத் தூக்கிக்கொண்டு போயிற்று. துணையில்லாமல் வந்தவர்கள் வரிசையில் கத்துவதுபோல, எம்மட் கையை உயர்த்திக் கத்தத் தொடங்கினான்:

"ஒத்தை ஆள்! இங்க ஒத்தை ஆள் இருக்கேன்! யாராவது வரீங்களா?"