விருந்தாளியின் வேலை

அவர்கள் வரப்போகிறார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து என்னால் நாற்காலியில் ஒழுங்காக உட்கார முடியவில்லை. தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று மொட்டை மாடிக்குப் போய்ப் பார்ப்பேன். இறங்கி வந்ததும் கழிவறைக் குழாய் சொட்டுகிறதா என்று பார்ப்பேன். திண்டுக்கல்லில் குழாய்த் தண்ணீர் என்றைக்கு வரும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அத்தனை தூரம் பறந்து வருகிறவர் கை கழுவக் குழாயைத் திறந்து, வெறும் காற்று வந்தால் என்ன செய்வது? லாரித் தண்ணீருக்குச் சொல்லிவைத்தேன். சொன்ன பிறகும் அந்த லாரிக்காரருக்கு இரண்டு முறை போன் செய்தேன்.

எங்கள் அலுவலகம் பேருந்து நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில், ஒரு டைல்ஸ் கடைக்கு மேலே இருக்கிறது. அயர்லாந்தில் மாட்டுப் பண்ணைகளுக்குப் பால் கறக்கும் இயந்திரங்களும் உதிரிபாகங்களும் விற்கிற ஒரு கம்பெனியின் கிளை. பண்ணைக்காரர்கள் வாங்கியதற்கு பில் போடுவது எங்கள் வேலை. திரும்பி வரும் பொருள், விலைத் தகராறு, புகார் என்று சிக்கலானவை எல்லாம் அயர்லாந்து அலுவலகத்தில் இருந்த ஓர் அம்மாவிடம் போகும். எட்டு வருடமாக அநேகமாக எல்லா நாளும் பிற்பகலில் நானும் அவரும் திரையில் பேசிக்கொள்வோம். எனக்கு மதியச் சாப்பாடு முடிந்திருக்கும், அவர் காலைத் தேநீர்க் கோப்பையோடு வந்து உட்காருவார். அவர் வீட்டு நாய் செத்தது எனக்குத் தெரியும். என் கருப்பை ஆபரேஷன் அவருக்குத் தெரியும். நேரில் பார்த்ததே இல்லை.

அவரும் அவருடைய மேலதிகாரியும் வரப்போகிறார்கள் என்றதும் அலுவலகத்தில் ஒரே பேச்சு, கிளையை மூடப்போகிறார்கள் என்று. எங்கள் மேனேஜர் ரெட்டியார்சத்திரத்துக்காரர். நான்கு பேர் ஒன்றாக நின்றாலே வந்து, "சும்மா பாக்க வாராங்கப்பா. போய் வேலையப் பாருங்க" என்பார். சொல்லிவிட்டு அவரே ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்துகொண்டிருப்பார்.

வியாழக்கிழமை காலை மதுரை விமான நிலையத்திலிருந்து கார் வந்தது. திரையில் பார்த்த முகத்தை வைத்து நான் ஒரு பெரிய உருவத்தை நினைத்திருந்தேன். இறங்கியவர் என் தோளுயரம்தான் இருந்தார். அறுபதை நெருங்கும் வயது, நரைத்த கிராப், கசங்கிய பருத்திச் சட்டை. என்னைப் பார்த்ததும் படிக்கட்டிலேயே கட்டிப்பிடித்துக்கொண்டார். மேலதிகாரி இளைஞர், என்னைவிடச் சின்னவர். எல்லோருக்கும் கை கொடுத்தார், எல்லோருடைய பெயரையும் முன்பே படித்து வைத்திருந்தார். பிரியாணியைக் கையால் சாப்பிட்டு, காரம் ஏறிக் கண்ணில் தண்ணீர் வந்தபோதும் நன்றாக இருக்கிறது என்றார். அவரை வெறுக்க எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

அன்று பிற்பகல், அந்த அம்மா களைப்பாக இருக்கிறது என்று ஹோட்டலுக்குப் போன பிறகு, மேலதிகாரி என்னையும் மேனேஜரையும் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டார். கிளையை மூடவில்லை, பெரிதாக்கப் போகிறோம் என்றார். புகார், திரும்பி வரும் பொருள் எல்லாம் இனித் திண்டுக்கல்லிலேயே. மூன்று பேர் கொண்ட தனிப் பிரிவு. நான்தான் தலைமை.

மேனேஜர் மூச்சை விட்டது எனக்குக் கேட்டது. எனக்கும் சந்தோஷம்தான் முதலில் வந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது, நன்றாகவே வந்தது. பிறகுதான் கேட்டேன், அப்படியானால் அவருக்கு என்ன வேலை என்று.

"அவருக்கு இன்னும் தெரியாது," என்றார் மேலதிகாரி. "ஊருக்குத் திரும்பியதும் முறைப்படி சொல்லுவோம். தான் விடுப்பில் போகும் நாட்களுக்கு உங்களை மாற்று ஆளாகத் தயார்படுத்துவதாக நினைத்துக்கொண்டு வந்திருக்கிறார். இந்த ஒரு வாரத்தில் அவரிடமிருந்து எல்லாவற்றையும் கற்றுக்கொள்ளுங்கள். அதுவரை இது இந்த அறைக்குள் இருக்கட்டும்."

வெள்ளிக்கிழமை முழுக்க அந்த அம்மா எனக்குக் கற்றுக்கொடுத்தார். நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு, எந்தப் பண்ணைக்காரர் கத்துவார், எவர் கத்தாமலே பணத்தை நிறுத்திவைப்பார் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். நான் எழுதிக்கொண்டேன். மேசைக்கு அடியில் என் கால் ஆடிக்கொண்டே இருந்தது. என்ன, குளிருகிறதா என்று கேட்டார். ஏசி அதிகம் என்று எழுந்துபோய், சரியாக இருந்த ஏசியைக் குறைத்தேன்.

மாலைத் தேநீரின்போது, அவர் ஊரில் பால் கூட்டுறவுச் சங்க அலுவலகத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடுகிறார்கள் என்றார். அவரைத்தான் கேட்டிருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"என்ன சொல்லப் போகிறீர்கள்?"

"வேண்டாம் என்றுதான். இந்தக் கம்பெனியில் இத்தனை வருடம் இருந்துவிட்டேன். ஓய்வு பெறுகிறவரை இதுவே போதும். உன்னை விட்டுவிட்டு எங்கே போவது?"

எழுந்து டம்ளரைக் கழுவப் போனேன். கழுவின டம்ளரையே திரும்பவும் கழுவினேன்.

சனிக்கிழமை வீட்டைத் துடைத்தேன், திரைச்சீலையை மாற்றினேன், மாற்றியது பிடிக்காமல் பழையதையே மாட்டினேன். ஞாயிறு அவர் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவதாக ஏற்பாடு. காலையில் கறி எடுத்துவந்த என் கணவர் சமையலறை வாசலில் நின்று, "குழம்பு சரி, தொட்டுக்க வெஞ்சனம் என்ன வைக்கப்போற?" என்றார். பதில் சொல்லாமல் வெங்காயத்தை உரித்துக்கொண்டே நடந்ததை எல்லாம் சொன்னேன். அவர் பள்ளி ஆசிரியர். எதையும் முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் வாயைத் திறப்பார்.

"அது அவங்க கம்பெனி விவகாரம். நீ எதுக்கு நடுவுல போற?"

"செவ்வாய்க்கெழம அந்த வேலைய வேண்டாம்னு சொல்லிருவாங்க. அடுத்த வாரம் இதுவும் போயிரும். இந்த வயசுல அவங்களுக்கு யாருங்க வேலை குடுப்பா?"

"நீ சொல்லி, உன் வேலை போச்சுன்னா?"

அடுத்த வெங்காயத்தை எடுத்து உரித்தேன்.

சர்ச்சில் ஞாயிறு பூசைக்கு அந்த அம்மாவும் எங்களோடு வந்தார். தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. ஆனாலும் எங்கே எழ வேண்டும், எங்கே முழங்கால் போட வேண்டும் என்று தெரிந்திருந்தது. சமாதானம் சொல்லும் நேரத்தில் சுற்றியிருந்தவர்களைப் பார்த்து, அவர்களைப் போலவே கை கூப்பினார். என் பக்கம் திரும்பியும் கூப்பினார். நான் கூப்பினேன், அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

வீட்டில் தரையில்தான் உட்காருவேன் என்று பிடிவாதமாக இலைக்கு முன்னால் உட்கார்ந்தார். முழங்கால் மடங்காமல் காலை ஒரு பக்கமாக நீட்டிக்கொண்டார். என் கணவரிடம் பள்ளிக்கூடத்தைப் பற்றி நிறையக் கேட்டார். கணவருக்குப் படபடவென்று ஆங்கிலம் வராது, அந்த அம்மா பொறுமையாகக் காத்திருந்து கேட்டுக்கொண்டார். அவரைக் காரில் ஏற்றிவிட்டு வந்த பிறகு, கணவர் வாசலிலேயே நின்றார்.

"இம்புட்டு நல்ல மனுசியா இருக்காங்க," என்றார். "சொல்லாம உன்னால இருக்க முடியாது, எனக்குத் தெரியும். என்ன ஆகும்னு மட்டும் நல்லா யோசிச்சுக்க. ஆனது ஆகட்டும், நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

திங்கட்கிழமை எங்கள் பகுதிக்குப் பராமரிப்பு மின்தடை. காலையிலிருந்து மாலை வரை கரண்ட் கிடையாது. யுபிஎஸ் இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது. மேலதிகாரி மேனேஜரோடு புதிய இடம் பார்க்கப் போனார். மேனேஜர் என்னிடம், "அந்தம்மாவ நிலக்கோட்டை பூ மார்க்கெட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டு வாம்மா. இருட்டுல உக்கார வைக்கவா முடியும்?" என்றார்.

போகும் வழியெல்லாம் சொல்ல வாயெடுத்து வாயெடுத்து அடக்கினேன். ஓட்டுநருக்கு ஆங்கிலம் தெரியாது, அவர் கேட்பார் என்பது காரணமில்லை. மார்க்கெட்டில் சாக்குச் சாக்காக மல்லிகை. எடை போடும் இடத்தில் கூச்சல், வேன் நகர்த்தச் சொல்லி ஒரே ஹாரன். அவர் ஒரு கைப்பிடி மொட்டு வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு, "நாளைக்கு அந்தச் சங்கத்துக்கு வேண்டாம் என்று சொல்ல வேண்டும், மறந்துவிட்டால் ஞாபகப்படுத்து" என்றார்.

"சொல்லாதீர்கள்," என்றேன்.

அவருக்குக் கேட்கவில்லை. கையைப் பிடித்து வேன்களுக்குப் பின்னால் இருந்த டீக்கடை ஓரத்துக்குக் கூட்டிப்போனேன். அங்கே நின்று சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. உங்கள் வேலை எங்களிடம் வருகிறது, நீங்கள் ஊர் போனதும் சொல்லுவார்கள், அந்தப் பிரிவுக்கு என்னைத்தான் தலைமையாகப் போடுகிறார்கள், அதனால் அந்தச் சங்கத்து வேலையை விட்டுவிடாதீர்கள். சொல்லி முடித்ததும் என் ஆங்கிலம் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

அவர் கையிலிருந்த மொட்டுகளைக் கைப்பையில் போட்டுக்கொண்டார்.

"உனக்கு எப்போது தெரியும்?"

"வியாழக்கிழமை."

"அப்படியானால் நேற்று உன் வீட்டில் நான் சாப்பிட்டபோது…"

"தெரியும்."

தலையை ஆட்டினார். கோபமா, வருத்தமா, எதுவும் பிடிபடவில்லை. கடிகாரத்தைப் பார்த்து, அங்கே இன்னும் விடியவில்லை, சங்கத்து ஆள் எழுந்திருக்க நேரமாகும் என்றார். பிறகு நடக்க ஆரம்பித்தார். மார்க்கெட்டின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு, திரும்பவும் இந்த முனைக்கு. பூக்காரப் பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். நான் பின்னாலேயே போவதா, ஓர் இடத்தில் நிற்பதா என்று தெரியாமல் சிறிது தூரம் போவதும் நிற்பதுமாக இருந்தேன். ஓட்டுநர் வந்து, "என்னக்கா, அந்தம்மா எதையும் தொலைச்சுப்புட்டாங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அவரும் நல்ல மனதோடு குனிந்து தரையைப் பார்த்தார்.

வெயில் உச்சிக்கு வந்த பிறகு அந்த அம்மா காருக்குள் உட்கார்ந்து போன் செய்தார். நான் வெளியே நின்றேன். கண்ணாடி வழியாக அவர் உதடு அசைவது மட்டும் தெரிந்தது. முடித்துவிட்டுக் கதவைத் திறந்தார்.

"சரி என்று சொல்லிவிட்டேன். அடுத்த மாதம் முதல் தேதி வரச் சொல்கிறார்கள்." கொஞ்சம் நிறுத்தி, "உன்னிடம் நன்றி சொல்ல வேண்டும். இன்றைக்கு என்னால் முடியவில்லை" என்றார்.

மறுநாள் காலையே அவர் மேலதிகாரியிடம், வேலையை விட்டுப் போகிறேன் என்று சொன்னார். ஏன் என்று கேட்டதற்குச் சொந்தக் காரணம் என்றார், அவ்வளவுதான். மேலதிகாரிக்கு அதற்கு மேல் எதுவும் வேண்டியிருக்கவில்லை. பத்து நிமிடத்தில் என்னைக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார்.

"நீங்கள் சொன்னீர்களா?"

"சொன்னேன்."

ஏன் என்று கேட்பார், சங்கத்து வேலையைப் பற்றிச் சொல்லலாம் என்று வார்த்தைகளை அடுக்கி வைத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை. உங்கள் மனது எனக்குப் புரிகிறது, ஆனால் ஒரு பிரிவின் தலைமையில் இருப்பவரிடம் சொன்ன விஷயம் அவரிடமே நிற்க வேண்டும் என்றார். எழுந்து கதவைத் திறந்துவிட்டார்.

மேனேஜர்தான் தாங்க முடியாமல் மாடிப்படியில் என்னைப் பிடித்துக்கொண்டார். "என்னம்மா இப்படிப் பண்ணிட்ட? ஒரு வாரம், ஒரே ஒரு வாரம் வாய மூடிட்டு இருந்திருக்கக் கூடாதா? இதுக்காக அவங்க கிளைய மூடிட்டுப் போயிருந்தா அம்புட்டுப் பேரும் நடுத்தெருவுல நின்னுருப்போம்."

அது உண்மை. மூடியிருந்தால் அத்தனை பேரின் வீட்டுக்கும் நான் என்ன பதில் சொல்லியிருப்பேன்? நிலக்கோட்டையில் அந்த யோசனை எனக்கு வரவே இல்லை. இப்போதும் சில நாள் பேருந்தில் வரும்போது அது நினைவுக்கு வந்தால் இருக்கையை விட்டு எழுந்து நின்றுகொள்கிறேன்.

அந்த அம்மா புதன்கிழமை கிளம்புகிறவரை கற்றுக்கொடுப்பதை நிறுத்தவில்லை. ஆனால் சிரிப்பு நின்றுவிட்டது. நான் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார், கேட்காததைத் தானாகச் சொல்லவில்லை. விமான நிலைய வாசலில் எனக்குக் கை கொடுத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, இன்னொரு கையையும் அதன்மேல் வைத்து, சிறிது நேரம் அப்படியே வைத்திருந்து, உள்ளே போனார்.

வேலை எங்களிடமே வந்தது. மூன்று பேர் பிரிவும் வந்தது, அதில் நானும் ஒருத்தி. தலைமைக்கு, நான் பில் போடப் பழக்கிவிட்ட சாணார்பட்டித் தம்பியைப் போட்டார்கள். நல்ல பையன். தனியாக இருக்கும்போது என்னை அக்கா என்றும், மற்றவர்கள் முன்னால் மேடம் என்றும் கூப்பிடுகிறான். விடுப்பு கேட்க அவன் மேசைக்குப் போகும்போது முதலில் அவன்தான் எழுந்து நிற்கிறான். அது எங்கள் இரண்டு பேருக்குமே சங்கடம்.

அந்த அம்மா கூட்டுறவுச் சங்கத்தில் இருக்கிறார். முதலில் வாரம் ஒரு முறை செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார், பிறகு கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் மட்டும்.

போன வாரம் ஒரு பண்ணைக்காரர் அழைத்தார். திருப்பி அனுப்பிய ரப்பர் குழாய்க்குப் பணம் வரவில்லை என்று முழு மூச்சில் கத்தினார். விவரத்தைப் பார்த்து, பணம் எந்தக் கணக்கில் தப்பாகப் போயிருக்கிறது என்று சொன்னதும் அடங்கினார். பிறகு, முன்பெல்லாம் ஓர் அம்மா பேசுவாரே, அவர் எங்கே என்று கேட்டார். உங்கள் பக்கத்துக் கூட்டுறவுச் சங்கத்தில்தான் இருக்கிறார், போனால் பார்க்கலாம் என்றேன்.

"சரி, நீ யார்?"

என் பெயரைச் சொன்னேன். அவர் வாயில் அது நுழையவில்லை, ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லச் சொன்னார். நான் எழுந்து நின்று, ஜன்னல் பக்கம் நடந்துகொண்டே, ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன்.