பாப்பா கிணற்றுச் சந்து

ஊர்ப்பெயர் ஆராய்ச்சி என்று கிளம்புகிறவனுக்குச் சீக்கிரமே ஒரு திமிர் வந்துவிடும். எனக்கும் வந்தது. அறுபதுகளின் நடுவில் காஞ்சிபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சரித்திர வாத்தியாராக இருந்தேன். கல்யாணம் ஆகவில்லை, சீட்டாடவும் தெரியாது. சாயங்காலமானால் சைக்கிளை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போய், இந்தப் பெயர் எப்படி வந்தது என்று கேட்டு நோட்டில் எழுதிக்கொள்வேன்.

காஞ்சி மரம் நிறைந்த ஊர், அதனால் காஞ்சி என்பார் ஒருவர். மரமாவது மண்ணாவது, பிரம்மா பூஜித்த தலமய்யா இது என்று அவர்மேல் பாய்வார் இன்னொருவர். வாலாஜாபாத்தில் சண்டை இல்லை, ஆற்காட்டு நவாபின் பட்டப்பெயர் என்று சின்னப் பிள்ளையும் சொல்லும். மாகறலுக்குப் போனால் பொன் உடும்பை ராஜா துரத்திய கதையைக் கேட்காமல் திரும்ப முடியாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு மனசுக்குள் மார்க் போட்டுக்கொண்டிருந்தேன். ராஜாவோ சாமியோ சம்பந்தப்படாத பெயர் ஒன்றுகூடக் கிடைக்கவில்லையே என்ற குறை எனக்கு.

பிள்ளையார்பாளையத்தில் அது கிடைத்தது. நெசவாளர் தெரு ஒன்றிலிருந்து பிரியும் குறுகலான சந்து, பத்துப் பன்னிரண்டு வீடுகள் இருக்கும். 'பாப்பா கிணத்து சந்து' என்றார்கள். ஆனால் அங்கே கிணறு எதையும் காணோம். பக்கத்தில் சாயம் தோய்க்கிற பெரியவர் ஒருவரிடம் விசாரித்தேன்.

பட்டுப் பாவை, அதாவது தறியில் ஏற்றப்போகும் நெடுக்கு இழைகளை, தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிக் கஞ்சி தெளிப்பார்கள். வெயில் ஏறுவதற்குள் இழையோடு இழை ஒட்டாமல் நீவிக் காயவைக்க வேண்டும். கஞ்சி பட்ட பாவை நடுவில் விட்டுவிட்டு ஒருவரும் நகர முடியாது, விட்டால் ஒரு குடும்பத்தின் பல நாள் உழைப்பு பாழாகிவிடும். பதினைந்து வருஷத்துக்கு முன் ஒரு நாள் காலையில் ஆள் போதவில்லை என்று, சந்தில் இருந்த ஓர் இளம்பெண்ணையும் ஒரு பக்கம் பிடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். அவளுக்கு ஒன்றரை வயதில் ஒரு பெண் குழந்தை. சந்தின் கோடியில் கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு.

"பாப்பா எங்கன்னு அந்தம்மா ரெண்டு வாட்டி கேட்டுச்சு சார். இதோ முடிஞ்சிடும், கைய வுடாதம்மான்னு நாங்கதான் சொன்னோம்" என்றார் பெரியவர். சாய அண்டாவில் கிடந்த நூலைக் கோலால் ஒரு புரட்டுப் புரட்டிவிட்டார். "அதுக்கப்புறம் பாவு போடற அன்னிக்கெல்லாம், பாப்பா கிணத்தாண்ட புள்ளைங்கள பாத்துக்கங்கபான்னு சொல்லிக்கினே இருந்தோம். கெணத்த தூர்த்தாச்சு. பேரு மட்டும் நின்னுடுச்சு."

அந்தத் தாய் இன்னும் அங்கேதான் இருக்கிறாள், மூன்றாவது வீடு, புருஷனும் செத்துப்போய்விட்டான் என்றார். திரும்பும்போது பார்த்தேன். வாசலில் உட்கார்ந்து ராட்டையில் பட்டு நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்து வயதுக்கு மேல் இராது. ஊரெல்லாம் கேள்வி கேட்டு உயிரை வாங்கியவன், அவளிடம் மட்டும் ஒரு வார்த்தை கேட்காமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டேன். கேட்டிருக்க வேண்டும்.

அன்றிலிருந்து அந்தப் பெயரையே நினைத்துக்கொண்டிருந்தேன். தபால்காரன் தினமும் அதைச் சொல்லித்தானே கூப்பிடுவான், ஆஸ்பத்திரியில் விலாசம் கேட்டால் அவள் வாயாலேயே அதைச் சொல்ல வேண்டுமே, என்ன கொடுமை என்று தவித்தேன். அந்தச் சமயம் பார்த்து முனிசிபாலிட்டியில் தெருக்களுக்குப் பெயர்ப்பலகை வைக்க ஏற்பாடு நடந்தது. என் நோட்டைப் பற்றிக் கேள்விப்பட்டு, பட்டியலைச் சரிபார்க்க என்னிடம் கொடுத்தார்கள். பாப்பா கிணற்றுச் சந்தை அடித்துவிட்டு 'முல்லைச் சந்து' என்று எழுதினேன். அங்கே முல்லைக் கொடி எதுவும் இல்லை. நல்ல காரியம் செய்தோம் என்று அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

பலகை வைத்துச் சில மாதம் கழித்து அவள் பள்ளிக்கூடத்துக்கே வந்தாள். கையில் ரேஷன் கார்டு. பசங்கள் வெளியே போகும்வரை வேப்பமரத்தடியில் காத்திருந்தாள்.

"நீங்கதான் பேர மாத்தினீங்களாமே சார்?"

"ஆமாம்மா. உங்களுக்குக் கஷ்டமா இருக்குமேன்னு..."

"கஷ்டம்தான்" என்றாள். "எங்க சொந்தக்காரங்க அது பேச்ச எடுக்க மாட்டாங்க சார். நான் அழுவேன்னு எடுக்க மாட்டாங்க. ஒரு போட்டோ கெடயாது. அது போட்ட சட்டையக்கூட அதோடவே வெச்சுட்டாங்க. சந்துப் பேர சொல்றப்பதான் பாப்பான்னு ஒரு வார்த்த வரும். கடலக்காரன் சொல்லுவான், தபால்காரரு சொல்லுவாரு. காதுல கேட்டுக்கினு இருந்தேன்." கார்டை நீட்டினாள். "புதுசா எழுதினாங்க. பாப்பா கிணத்து சந்துன்னு சொன்னேன். அப்படி ஒண்ணு இல்லவே இல்லன்னுட்டாங்க சார்."

அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

மறுநாளே மனு எழுதினேன். அடுத்த வருஷமும் எழுதினேன். தெருக்காரர்கள் கையெழுத்து வாங்கிக்கொண்டு நேரில் போய் நின்றேன். வாத்தியாருக்கு வேறு வேலையில்லையா, நீங்கள்தானே முல்லை என்று எழுதிக் கொடுத்தீர்கள் என்று சிரித்தார்கள். சிரிக்காமல் என்ன செய்வார்கள்? சாயம் தோய்க்கும் பெரியவர் மாதிரி பழைய ஆட்கள் கொஞ்ச காலம் பழைய பெயரைச் சொன்னார்கள், அவர்களும் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். அதற்குப் பிறகு அந்தச் சந்துப் பக்கம் போகவே எனக்கு வெட்கமாக இருந்தது.

பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கும். வாலாஜாபாத்திலிருந்து ஓர் இளைஞன் என்னைத் தேடி வந்தான். அவளுடைய தம்பி மகனாம், கடைசி இரண்டு வருஷமாக அவளோடு இருந்து பார்த்துக்கொண்டவன். அத்தை தவறிவிட்டது, கருமாதிப் பத்திரிகை அச்சடிக்கணும், பிழை இருந்தால் திருத்திக் கொடுங்கள் சார் என்றான். எழுத்துப்பிழை ஒன்றிரண்டு இருந்தது, திருத்தினேன். கடைசி வரியில் விலாசம், முல்லைச் சந்து. பேனா எடுத்து அதை அடித்தேன். மேலே 'பாப்பா கிணற்றுச் சந்து' என்று நிறுத்தி, தெளிவாக எழுதினேன். அந்த ஒரு வரியாவது அவளுக்கு என்னால் எழுத முடிந்ததே என்று கண் கலங்கிவிட்டது.

பையன் தாளை வாங்கிப் பார்த்தான். மரியாதையான பையன், சங்கடத்தோடு தலையைச் சொறிந்தான்.

"இது வேற எடம் போல இருக்குது சார்" என்றான். "எந்தப் பாப்பா?"