மலையில் ஒளித்துவைத்த சந்தோசம்

பிரெஞ்சு பேசும் இந்தப் பனிநகரத்தில், லாசால் பகுதியில் நான் இருக்கும் கட்டடத்தின் எதிர்வீட்டுக்காரர் ஏழு வருடமாக எனக்கு ஒரு 'பொன்ஜூர்' சொன்னதில்லை. இதே நகரத்து ஆட்கள் லவால் புறநகரைத் தாண்டி வடக்கே போய், மலைக்காட்டில் ஸ்கீயை மாட்டிவிட்டால், முன்பின் தெரியாத என்னைக் கண்டதும் நின்று வணக்கம் சொல்கிறார்கள். ஊரில் உள்ளவர்களுக்கு ஸ்கீ என்றால் மலையுச்சியிலிருந்து பனியில் வழுக்கிப் பாய்வது. நான் செய்வது வேறு. ஒடுங்கிய இரண்டு நீளப் பலகைகளைக் காலில் பூட்டி, கைத்தடிகளை ஊன்றி, காட்டுப் பாதையில் மணிக்கணக்காக நடந்தும் வழுக்கியும் போவது.

துறைமுகத்துக்குப் பக்கத்துக் களஞ்சியத்தில் என்னோடு வேலை செய்த மிஷேல்தான் தன் பழைய ஸ்கீயைத் தந்து பழக்கினான். சில கிழமைகளில் தனியே போகத் தொடங்கினேன். பலகை பனியை உரசும் சத்தமும் என் மூச்சும் மட்டும் கேட்கும். உறைகுளிரிலும் முதுகு வியர்க்கும். அகதி விண்ணப்பமோ, குடும்பத்தைக் கூப்பிடும் விண்ணப்பமோ அந்தக் காட்டுக்குள் என்னைத் தேடி வரவில்லை. முதல்முறை தனியே போய்வந்த அன்று, சாவகச்சேரியிலிருந்து என் மனைவி வதனி போனில் கேட்டாள், லீவு நாளில் என்ன செய்தீர்கள் என்று. ஓவர்டைம் என்றேன். நான் விமானம் ஏறியபோது மகள் துளசிக்குப் பல்லும் முளைக்கவில்லை. அவளை வைத்துக்கொண்டு வதனி தனியே கிடக்கையில், நான் இங்கே சந்தோசமாக இருந்தேன் என்று எந்த வாயால் சொல்வது? அந்தப் பொய் ஆறு மாரிகாலம் நீண்டது.

இந்தத் தை மாதம் அவர்களுக்கு விசா வந்தது. சனிக்கிழமை விடியவே வதனியை அழைத்தேன். அவள் சந்தோசப்படவில்லை. மிஷேல் முகநூலில் போட்ட படமொன்றைத் துளசி கண்டுபிடித்துக் காட்டினாளாம். பனிமலையில் நான் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு நிற்கிற படம்.

"ஒன்பது வருசமா அங்கை கஷ்டப்படுறன் எண்டுதானே சொன்னனீங்கள்," என்றாள். "நாங்களும் இஞ்சை தனிய இருந்து சிரிக்கப் பழகீட்டம். நீங்கள் வாறதெண்டால் வாங்கோ. நாங்கள் வரேல்லை."

மேசையில் விசாக் கடிதம் கிடந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் காரை எடுத்துக்கொண்டு மலைக்கே போனேன். அன்றைக்கு அந்தக் காட்டில் ஒன்றுமே இல்லை. சந்தோசத்தைத் தேடி ஒவ்வொரு ஏற்றமாக ஏறினேன். பொழுது சாய்ந்தபோது தடத்தோரம் பனியில் குந்தினேன். கைகள் விறைத்தன. பிறகு விறைப்பும் தெரியவில்லை, நித்திரை வந்தது. இப்படியே கிடந்தால் யாருக்கு என்ன என்ற நினைப்பு வந்ததையும் இங்கே மறைக்கப் போவதில்லை.

எழுபது வயதிருக்கும் ஒரு பெண் ஸ்கீயில் வந்து என் முன்னால் நின்றாள். "தூ செல்?" என்றாள். தனியாகவா என்று கேட்கிறாள். ஒன்பது வருடமாக என்று சொன்னேன், எனக்குத் தெரிந்த பிரெஞ்சில். நான் ஒன்பது வருடமாகத் தனியே ஸ்கீ ஓடுகிறேன் என்று அவள் விளங்கிக்கொண்டாள்.

"ஒன்பது வருடமா? அப்படியென்றால் இந்தக் குளிரில் உட்காரக்கூடாதென்று உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்."

திருத்திச் சொல்ல என்னிடம் பிரெஞ்சும் இல்லை, தெம்பும் இல்லை. நான் எழும்பும்வரை அவள் நகரவில்லை. பிறகு என்னை முன்னால் போகவிட்டு, கார்கள் நிற்கும் இடம்வரை பின்னாலேயே வந்தாள். கண்ணீர் இமையில் உறைந்து ஒட்டியது. கடைசி இறக்கத்தில் முழங்காலை மடித்து வழுக்கியபோது, அந்த நிலைமையிலும் என் உடம்பு மகிழ்ந்தது. வெட்கமாக இருந்தது. ஆனாலும் அதுதான் உண்மை.

அடுத்த நாள் காலை வதனியை வீடியோவில் அழைத்தேன். "ஓம், அந்தப் படத்திலை நான் சந்தோசமாத்தான் இருந்தனான்," என்றேன். ஓவர்டைம் என்று சொன்ன நாட்களையெல்லாம் சொன்னேன்.

"சிரிச்சதுக்கு எனக்குக் கோவமில்லை," என்றாள். "ஒளிச்சதுதான். அந்தச் சிரிப்பை எங்களுக்கும் காட்டியிருக்கலாம்."

வருவதாக அவள் சொல்லவில்லை. விசா முடியும் திகதி நெருங்கிக்கொண்டிருக்கிறது. நான் ஊருக்குப் போவதா என்பதையும் இன்னும் முடிவுசெய்யவில்லை. அன்று இருவரும் போனை வைக்காமல் இருந்தோம். என் ஜன்னலில், பனி மூடிய கூரைகளுக்கு மேலே சூரியன் எழும்பிக்கொண்டிருந்தது. திரையில், வதனியின் தோளுக்குப் பின்னால், அதே சூரியன் பனைகளுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அவள் எழுந்து வீட்டுக்குள் விளக்கைப் போட்டாள். நான் எழுந்து விளக்கை அணைத்தேன்.