சித்துப்பு

என் மகளுக்குக் கதைப் புத்தகம் கையில் இருந்தால் சாப்பாடு நினைவுக்கு வராது. தலையணை கனத்தில் பாகம் பாகமாக வரும் மாயாஜாலக் கதை ஒன்றை ரொம்ப நாளாகப் படித்துக்கொண்டிருந்தாள். நான் எட்டாவதோடு நின்றவள். அவ்வளவு படிக்க எனக்குக் கண்ணும் இல்லை, பொறுமையும் இல்லை. கடலூரில் இருக்கும் அவள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் கீரை ஆய்ந்துகொண்டே அவள் வாயால் கேட்டுக்கொள்வேன்.

அந்தக் கதையில் சித்துப்பு என்று ஒன்று வருகிறது. பார்க்க நம் கல் உப்பு மாதிரிதான், இலேசாக நீலம் ஓடியிருக்கும். அந்த நாட்டில் பிறக்கும் ஒவ்வொருவர் தொண்டைக்குழியிலும் கடவுள் ஒரு கல் வைத்து அனுப்புகிறார். நான் என்கிற நினைப்பு, இது என் கை, இவள் என் அம்மா என்கிற அறிவு, எல்லாம் அந்த ஒரு கல்லில்தான். ராஜாவின் ஆட்கள் பிடிக்காதவர்களைப் பிடித்து அதை உறிஞ்சி எடுத்துவிடுவார்கள். எடுக்கப்பட்டவன் சாக மாட்டான். நடப்பான், தின்பான். தின்பது யார் என்று மட்டும் அவனுக்குத் தெரியாது.

எனக்கு இது ஒப்பவில்லை. நாங்கள் சிதம்பரத்துக்காரர்கள். ஊர்ப் பேரிலேயே சித் இருக்கிறது, அம்பரம் இருக்கிறது. அறிவு ஆகாயம் மாதிரி, அதற்கு அளவு கிடையாது. கோயிலில் திரையை விலக்கினால் பொன் வில்வமாலை தொங்கும், அதற்குப் பின்னால் வெறும் வெளிதான் என்று கேட்டு வளர்ந்தவள் நான். அதைப் போய் ஒரு உப்புக்கல்லில் அடக்குவதா என்று கேட்டேன். கதைதானேம்மா, கீரையைப் பாரு என்றாள்.

என் வீட்டுக்காரர் குமராட்சிப் பக்கம் போகும் மினி பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்ந்தவர். பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறார். டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார். இவர் அடியோடு விட்டார். கேட்டவர்களிடமெல்லாம் பிரஷர் என்றுதான் சொன்னார். காரணம் அது இல்லை. மகளுக்குக் கல்யாணமாகி வருடங்கள் ஓடியும் வயிறு திறக்கவில்லை. ஒரு திருவாதிரை அன்று, கூட்டம் நெருக்கித் தள்ள, நடராஜர் சன்னதியில் கைகளைத் தலைக்கு மேல் தூக்கி, "என் வீட்டுல ஒரு புள்ள கையால உப்பு திங்கிற வரைக்கும் நான் உப்பத் தொடமாட்டேன்" என்று இவர் சொன்னதைப் பக்கத்தில் நின்று கேட்டேன். மகளுக்குத் தெரியக் கூடாது என்றார். அன்றிலிருந்து குழம்பு கொதிக்கும்போதே அவருக்கு ஒரு கிண்ணம் எடுத்து வைத்துவிட்டுத்தான் சட்டிக்கு உப்புப் போடுவேன்.

போன மழைக்காலத்தில் இவர் ஒரு மாதிரி சோர்ந்தே கிடந்தார். பாதிப் பேச்சில் நிறுத்திவிடுவார். ஒரு நாள் காலை காபியை நீட்டினேன். நிமிர்ந்து என்னைப் பார்த்து, "எங்கம்மா எறங்கணும்?" என்றார். விளையாடுகிறார் என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "சீக்கிரம் சொல்லு, பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க" என்றார். காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் போனைத் தேடினேன்.

போனில் சொன்னதும், கடலூருக்கே கொண்டு வந்துவிடு, எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவிலேயே ஆஸ்பத்திரி இருக்கிறது என்றாள் மகள். கார் பிடித்துப் போனோம். வழியெல்லாம் ஸ்டாப்பிங் பேர் சொல்லிக்கொண்டே வந்தார். புதுச்சத்திரம் தாண்டியதும் அதுவும் நின்றுபோனது. பேசியபோது பயந்தேன்; பேசாதபோது அதைவிடப் பயந்தேன்.

ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர் எங்களைக் கூப்பிட்டார். உடம்பில் உப்பு ரொம்ப இறங்கிவிட்டது, நினைவு தப்புவது அதனால்தான் என்றார். மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் மனதில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியும், என் மனதிலும் அந்த நீலக் கல்தான். சாப்பாட்டில் எவ்வளவு உப்பு சேர்க்கிறீர்கள் என்று டாக்டர் கேட்டார். துளியும் இல்லை என்றேன். ஏன் என்றார். மகளை வைத்துக்கொண்டே வேண்டுதலைச் சொன்னேன். அவள் எழுந்து வெளியே போனாள். எட்டிப் பார்த்தேன். தண்ணீர் கேனுக்கு எதிரில் நின்றுகொண்டிருந்தாள், தண்ணீர் பிடிக்கவில்லை.

உப்புத் தண்ணீரை மெதுவாகத்தான் ஏற்ற வேண்டுமாம், வேகமாக ஏற்றினால் மூளைக்கு ஆகாதாம். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து சொட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். இடுப்பு விட்டுப்போனது. அவர் கண் திறக்கும்போதெல்லாம் நெற்றியில் திருநீறு வைத்து, நான் யாரு என்று கேட்பேன். தெரியலையே என்பார், வெளியாளிடம் சொல்வது போல மரியாதையாக. சிவாயநம என்று சொல்லக்கூட எனக்கு வாய் வலித்தது. ஆகாயம் எங்கும் நிறைந்திருக்கட்டும். இந்த மனிதருக்குள் அது தங்குவதற்கு ஒரு சிட்டிகை உப்பு வேண்டியிருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் சாயங்காலம் கண் திறந்தவர் என்னை உற்றுப் பார்த்து, "என்ன இப்புடி எளைச்சிப்போயிட்ட?" என்றார். நான் நாற்காலியை விட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். மகள்தான் பேச்சை எடுத்தாள். "அம்மாவையே எங்க எறங்கணும்னு கேட்டிருக்கீங்க. டிக்கெட் குடுக்காததுதான் பாக்கி."

"எங்க எறங்குறேன்னு சொன்னாளா?" என்றார்.

அந்தச் சிரிப்பு ராத்திரிச் சாப்பாடு வரைக்கும்கூட நிற்கவில்லை. மகள் வீட்டிலிருந்து ரசம் சாதம் பிசைந்து எடுத்துவந்தாள். ஒரு வாய் வைத்ததும் கையில் துப்பிவிட்டார். உப்புப் போட்டிருக்கியா என்றார். போட்டுத்தான் இருக்கேன் என்றாள். என்னைப் பார்த்தார், நான் சொல்லிவிட்டேன் என்று புரிந்துகொண்டார். "ஊசி வழியா ஏத்துறத ஏத்தட்டும். வாயால தொடமாட்டேன். சொன்ன சொல்லு சொன்னதுதான்" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். இப்படியே வீட்டுக்குப் போனால் மறுபடியும் இறங்கும், அடுத்த முறை வலிப்பு வந்து மீளாமலும் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

மகள் தட்டைக் கீழே வைக்கவில்லை. அவர் முதுகைப் பார்த்தே பேசினாள்.

"நான் படிக்கிற கதையில ஒரு அப்பா வர்றாருப்பா. பொண்ண விடுவிக்கிறதுக்காகத் தன்னோட சித்துப்ப எடுத்துக் குடுத்துடுறாரு. அவ வெளிய வந்து அப்பான்னு நிக்கிறா. யாரும்மா நீன்னு கேக்குறாரு. அதுக்கு மேல நான் படிக்கல."

அவர் போர்வையைத் தோள்வரை இழுத்துக்கொண்டார்.

"எனக்குக் கொழந்த வேணும்னு உங்ககிட்ட எப்பப்பா கேட்டேன்? நானும் அவரும் பேசி, போதும்னு விட்டுட்டோம். வருஷமாவுது. எனக்கு நீங்க இருந்தா போதும். என்னத் தெரிஞ்சி இருக்கணும்."

இது எனக்கும் புதுச் செய்தி. நான் ஜோசியரிடமும் கோயிலிலும் அலைந்ததெல்லாம் அந்த நேரத்தில் காலில் வந்து வலித்தது. பேசத் தெம்பில்லை. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டியிருந்தது.

"பேரப்புள்ளன்னு நீங்க சொல்லல. ஒரு புள்ள கையாலன்னுதான் சொன்னீங்க. பக்கத்துலதான் நின்னேன்."

"நான் எத நெனச்சி சொன்னேன்னு சாமிக்குத் தெரியும்" என்றார் சுவரைப் பார்த்தபடி.

"தெரியும். இங்க தட்டோட நிக்கிறவ யாரு புள்ளன்னும் தெரியும்."

அவர் மெல்லத் திரும்பினார். மகளைப் பார்த்தார். வாயைத் திறந்தார். அவள் ஊட்டினாள். கண்ணை மூடிக்கொண்டு மென்றார்.

"உப்பு ஜாஸ்தி" என்றார்.

"அப்புடியே தின்னுங்க" என்றாள்.

சிதம்பரம் திரும்பிய பின் கோயிலுக்குப் போனோம். திரை விலகியது. கண்ணை மூடியபடி ரொம்ப நேரம் நின்றார். வேண்டுதல் நிறைவேறியது என்று சொன்னாரா, மன்னிப்புக் கேட்டாரா, எனக்குத் தெரியாது. கேட்கவில்லை. அந்த வெளியைப் பார்த்தபோது எனக்கும் வேண்டிக்கொள்ள ஒன்றும் தோன்றவில்லை, அசதிதான் இருந்தது.

வீட்டுக்கு வந்து குழம்பு வைத்தேன். கொதி வந்ததும், எடுத்து வைக்கும் கிண்ணத்தைக் கை தானாகத் தேடியது. அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு, சட்டியில் உப்பைப் போட்டேன்.