பனியில் கண்ட குதிகால்

சட்டசபை கூடாத நாட்களில் காலையிலேயே என் வீட்டு முற்றம் நிறைந்துவிடும். ஒருநாள் மனு கொண்டுவந்தவர்களுக்கு நடுவே, நான் எழுதிய ராணுவப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு என் பழைய பட்டாளக் கூட்டாளி உட்கார்ந்திருந்தான். கேரள எல்லையோரத்து வெள்ளறடைக்காரன். தன் முறை வரும்வரை அசையவில்லை.

"எம்.எல்.ஏ. சாரே, இதில ஒரு காரியம் தப்பாக்கும்" என்றான்.

அவன் காட்டியது, பனிமலைக் காவலில் மூச்சுத்திணறி விழுந்த அவனை நான் தோளில் போட்டு இறக்கிய அத்தியாயம். தேர்தலில் அதைச் சொல்லித்தான் எனக்கு ஓட்டுக் கேட்டார்கள். அந்த உயரத்தில் காற்றுக் குறைந்தால் மூளை குழம்பிவிடும்; முகாம் வாசலில் இருவருமே நினைவின்றிக் கிடந்தோமாம். பிறகு நாங்கள் அதைப் பேசியதே இல்லை. மழை பிடித்தால் என் வலத்தோள் வலிக்கும். எனக்கு அந்தச் சாட்சி போதுமாக இருந்தது.

"விழுந்தது நீ. சொமந்தது நானாக்கும்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "எலே, உனக்குக் கிறுக்கா?"

"வீட்டில மோளும் அதத்தான் கேக்கா. இவ்வளவு காலமும் கள்ளமா அப்பா பறஞ்சீங்கன்னு. நான் என்ன சொல்லுவேன் மக்கா?"

புத்தகத்தைத் திறந்து ஒரு வரியில் விரலை வைத்தான். வழியெல்லாம் என் கண்ணில் பட்டது அவனுடைய பூட்ஸின் குதிகால் மட்டுமே என்று நானேதான் எழுதியிருந்தேன்.

"தோளில தலகீழாக் கெடந்தவனுக்குத்தானலே அது தெரியும்?"

அவனுக்குப் பின்னால் மலையேறியபோது நான் பார்த்திருக்கலாம். இல்லை, அன்று முன்னால் நடந்தது நான்தானே? யோசிக்க யோசிக்க எல்லாம் கலங்கியது. ஆனால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஞாயிறன்று அவன் வீட்டுக்குப் போனேன். அவன் மகள் பாலில்லாத கட்டன்சாயா கொண்டுவந்து வைத்தாள்.

"உங்கப்பாதான் என்னைச் சுமந்தார்" என்றேன்.

அவள் அப்பாவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "அப்போ சார் எழுதினது கள்ளமா?"

அவன்தான் பதில் சொன்னான். "அவன் கள்ளம் பறயமாட்டான் மோளே. தல கெறங்கிக் கெடந்தவனுக்கு என்ன தெரியும்?"

சொல்லிக்கொண்டே என் வலத்தோளில் கையை வைத்தான். வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. தோள் வழக்கம்போல் வலித்தது. எதைச் சுமந்து வலிக்கிறது என்று இப்போது எனக்குத் தெரியவில்லை.