தாய்மாமன் சீரும் நான் அனுப்பிய மெசேஜும்

போன வாரம் நடந்தது. வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. துபாயில் வேலை பார்க்கும் ஓர் அண்ணன், தங்கை மகளின் காதுகுத்துக்காக எங்கள் கடையின் ஆன்லைன் தளத்துக்கு வந்தார். தாய்மாமன் சீர் ஆயிற்றே! பட்டுப்பாவாடை, வெள்ளிக் கொலுசு, குத்துவிளக்கு... எல்லாம் கூடையில் ஏறின.

2. டெலிவரிக்கு, நீடாமங்கலத்தில் இருக்கும் தங்கையின் முகவரியையும் போன் நம்பரையும் கொடுத்தார்.

3. பணம் கட்டும் பக்கம் வரை வந்தவர், கட்டாமல் போய்விட்டார்.

4. 'உங்கள் பட்டுப்பாவாடை, கொலுசு, விளக்கு காத்திருக்கின்றன! பணம் செலுத்தி ஆர்டரை முடியுங்கள்' என்று தங்கைக்கு மெசேஜ் போனது.

5. அன்று மாலையே அண்ணன் பணம் கட்டினார்.

நான்காவது என் வேலை. தஞ்சாவூரில் சீர்வரிசைப் பொருள் விற்கும் ஒரு கடையின் தளத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். பாதியில் போகிறவர்களுக்கு மெசேஜ் அனுப்பி இழுக்கலாம் என்று முதலாளியிடம் சொன்னவள் நான். நிரப்ப வேண்டியது அதிகமானால் ஆட்கள் ஓடிவிடுவார்கள் என்று 'வாங்குபவர் நம்பர்' பெட்டியைத் தூக்கியவளும் நான்தான். டெலிவரி நம்பர் இருக்கிறதே — போதாதா?

"பலே, இழுத்துட்டியேம்மா!" என்றார் முதலாளி. நானும் சிரித்தேன்.

மறுநாள் தங்கை கூப்பிட்டார்.

"இந்த மெசேஜ யாருங்க அனுப்புனது?"

"கம்ப்யூட்டர்ங்க. தானா போகும்."

"அதுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

"என்ன ஆச்சுங்க?" என்றேன்.

அவர் போன் கூடத்தில் சார்ஜில் கிடந்திருக்கிறது. நாத்தனார் எடுத்து, மாமியார் முன்னால் உரக்கப் படித்திருக்கிறார். "பாரும்மா, மாமன்காரரு கூடையில போட்டுட்டாராம். தூக்கத்தான் முடியலியாம்!" வீடே சிரித்திருக்கிறது.

"மனசு கேக்காம அண்ணனுக்குப் போன் போட்டு, என்ன இதுன்னு கேட்டுட்டேங்க. உடனே கூட தங்கியிருக்கறவர்ட்ட கடன் வாங்கிக் கட்டிருக்கு. ரெண்டு மாசமா சம்பளமே வரலையாம். எங்ககிட்ட மூச்சு விடல. கேன்சல் பண்ணிடுங்க. கொலுசு இல்லாட்டி புள்ளைக்குக் காது குத்த முடியாதா?"

பணம் கட்டியவர் சொன்னால்தான் ரத்து செய்ய முடியும். தங்கையிடமே நம்பர் வாங்கி அண்ணனைக் கூப்பிட்டேன். மன்னிப்புக் கேட்டேன்.

"பரவால்லம்மா," என்றார். "கொலுச எடுத்துட்டு, வெல கம்மியா பாவாடை பாக்கலாம்னுதான் நிறுத்துனேன். இப்ப என்னென்ன வருதுன்னு அவங்க வீட்டுல படிச்சுட்டாங்க. தட்டுல ஒண்ணு கொறைஞ்சாலும் எந்தங்கச்சிதான் பேச்சு வாங்கும். அனுப்பிடுங்க."

பணம் கட்டும் பக்கத்தில் ஒருவர் நிற்கிறார் என்றால், யோசிக்க நிற்கலாம் இல்லையா? நான் அதைக் கோளாறு என்று நினைத்து ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். டெல்டாவில் பாதி வீடுகளுக்குப் பணம் கட்டுகிறவர் கடலுக்கு அந்தப் பக்கம். என் சித்தப்பாவே மஸ்கட்டில்தான். இதை எனக்கு ஒருவர் சொல்லித் தர வேண்டுமா? நினைத்தால் கூசுகிறது.

'வாங்குபவர் நம்பர்' பெட்டியைத் திரும்ப வைத்துவிட்டேன். மெசேஜ் இனி வாங்குபவருக்கு மட்டும்தான் போகும். பார்சல் நேற்று நீடாமங்கலம் போய்ச் சேர்ந்தது.

கடன் துபாயில் இருக்கிறது.