இரண்டு விரல் துணி

அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் ஒற்றைத் தையல் மெஷினோடு ஆறு வருஷம் தனியாகத்தான் தைத்தேன். ஜாக்கெட்தான் என் பிழைப்பு. குறை ஒன்றும் இல்லை. ஒரு பொம்பளை குறையில்லாமல் இருந்தால் நாலு பேருக்குப் பொறுக்காது.

சுயஉதவிக் குழுக் கூட்டம் என்று ஒருநாள் கல்யாண மண்டபத்தில் உட்கார வைத்தார்கள். சலவைச் சட்டை போட்ட ஒருத்தர் மைக்கைப் பிடித்து, "எத்தனை நாளைக்கு நீங்களே தைப்பீங்க? நாலு பேருக்கு வேலை குடுங்க. முதலாளியா யோசிங்க" என்றார். அவர் மாசச் சம்பளக்காரர். ஒரு ஆளை வேலைக்கு வைத்ததில்லை, ஒரு பித்தான்கூடத் தைத்திருக்கமாட்டார். அப்போது எனக்கு அது உறைக்கவில்லை. எல்லாரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். டீயும் பிஸ்கட்டும் கொடுத்து அனுப்பினார்கள்.

என் வீட்டுக்காரர் அதற்கும் மேல். பெரம்பலூரில் ஏதோ தையல் கடையைப் பார்த்துவிட்டு வந்து, "அந்தம்மா சுத்துற நாற்காலியில உக்காந்திருக்கு, உள்ள மூணு பேரு தைக்கிறாங்க. நீ என்னடான்னா இன்னும் பெடலை மிதிச்சுக்கிட்டிருக்க" என்றார். அந்தப் பெடலில்தான் அவர் வண்டியும் ஓடிக்கொண்டிருந்தது. ஆனாலும் எனக்கும் அந்த நாற்காலிமேல் ஆசை வந்துவிட்டது.

நாற்காலி வாங்கினேன். ஓரம் அடிக்க ஓவர்லாக் மெஷின் வாங்கினேன். கடைக்கு நடுவில் பிளைவுட் தடுப்பு வைத்து, வரதராஜன்பேட்டையிலிருந்து ஒருத்தியை வேலைக்கு எடுத்தேன். என்னைவிட இரண்டு வயது சின்னவள், திருப்பூர் பனியன் கம்பெனியில் இருந்துவிட்டு வந்தவள். தையல் சுத்தம். அவள் தடுப்புக்கு உள்ளே, நான் வெளியே. துணியை வாங்கிச் சீட்டு எழுதுவது மட்டும்தான் என் வேலை.

எங்கள் பக்கத்துப் பெண்கள் துணியோடு ஒரு அளவு ஜாக்கெட் கொண்டுவருவார்கள். நல்லதைக் கொண்டுவரமாட்டார்கள், அது கட்டிக்கொள்ள வேண்டுமே. பெட்டியடியில் கிடக்கும் பழசு வரும். அது பிள்ளை பெறுவதற்கு முன்னால் தைத்ததாக இருக்கும். உடம்பு போட்டுவிட்டது என்று எவளும் வாயால் சொல்லமாட்டாள். நான்தான் ஆளை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துக் கூட்டி வெட்டுவேன். அதற்கும் மேலே, இரண்டு பக்கமும் உள்ளே இரண்டு விரல் துணி விட்டுத் தைப்பேன். இறுக்கிப் பிடித்தால் பிரித்துக்கொள்ளலாம். என் தொழிலில் பாதி அதுதான்.

முதலாளி ஆனதும் அந்தத் துணி எனக்குப் பட்டிக்காட்டு வேலையாகத் தெரிந்தது. "உள்ள துணி விடாத. ஒட்ட வெட்டி ஓவர்லாக் அடி. டவுன் கடை மாதிரி இருக்கணும்" என்றேன்.

"பிரிக்கணும்னு வந்தா என்னக்கா பண்றது?" என்றாள்.

"சொன்னதச் செய்."

வைகாசியில் செந்துறையிலிருந்து ஒரு அம்மா, கல்யாணப் பெண்ணான மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். களைவெட்டுக்குப் போகிற குடும்பம். அரக்குக் கூறைப்புடவையில் கிழித்த ஜாக்கெட் துணியும், மகள் பத்தாவது படிக்கும்போது போட்ட ஜாக்கெட்டும் பையில் இருந்தன. பெண் என் எதிரேயே நின்றாள். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. நாற்காலியில் அரைச் சுற்றுச் சுற்றி, சீட்டு எழுதி, பையைத் தடுப்புக்கு உள்ளே நீட்டினேன்.

கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள் அந்த அம்மா மட்டும் வந்தார். மேஜையில் அந்த ஜாக்கெட்டை வைத்தார். "முகூர்த்தத்துக்குக் கொக்கி மாட்டல. பிரிக்கலாம்னா உள்ள துணியே இல்ல. சித்தி மவ ஜாக்கெட்ட வாங்கிப் போட்டுத்தான் எம்பொண்ணு மணையில உக்காந்துச்சு. அரக்குப் பொடவைக்குப் பச்சை ஜாக்கெட்டு. போட்டோவுல அப்புடியேதான் இருக்கு."

நான் உள்ளே இருந்தவளைக் கூப்பிட்டேன். அந்த அம்மாவுக்கு எதிரிலேயே கண்டபடி திட்டினேன். கண்ணு எங்க இருக்கு, கம்பெனியில இதத்தான் கத்துக்கிட்டியா, நாளையிலிருந்து வராத. அவள் ஜாக்கெட்டை எடுத்து உள்பக்கம் திருப்பி, ஓரத்தைத் தடவிப் பார்த்தாள். "நீங்கதானக்கா விட வேணாம்னீங்க" என்றாள். தன் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அந்த அம்மா என்னைப் பார்த்தார். "அந்தப் பொண்ண ஏம்மா வையிறீங்க? பைய நான் ஒங்க கையிலதான குடுத்தேன். எம்மவளும் ஒங்க முன்னாடிதான நின்னா." ஜாக்கெட்டை மடித்து எடுத்துக்கொண்டு போனார்.

வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் வரதராஜன்பேட்டைக்குப் போய் அவளைக் கூப்பிட எனக்குத் துணிச்சல் இல்லை. தடுப்பைப் பிரித்தேன். மறுபடி பெடல்தான். நாற்காலியை வீட்டுக்காரருக்குக் கொடுத்தேன், அவருக்குத்தான் உட்கார நேரம் இருந்தது. ஆள் வைத்துக்கொள்ளலாமா என்று யாராவது கேட்டால், உங்கள் கண்ணையும் சேர்த்துச் சம்பள ஆளிடம் விட்டுவிடப் போகிறீர்களா என்று கேட்பேன். பெரிய ஞானி மாதிரி.

என்னிடம் தைத்தவள் அவளுடைய ஊரிலேயே தனியாகக் கடை போட்டாள். இரண்டு வருஷம் கழித்து அந்தப் பக்கத்திலிருந்து ஒருத்தி என்னிடம் துணி கொண்டுவந்தாள். அளவு ஜாக்கெட் அந்த வரதராஜன்பேட்டைக்காரி தைத்தது, பார்த்ததும் கை தெரிந்தது. உள்பக்கம் திருப்பினேன். இரண்டு பக்கமும் இரண்டு விரல் துணி விட்டிருந்தாள். வந்தவளை மேலும் கீழும் பார்த்தேன், கூட்ட வேண்டியிருக்கவில்லை; அந்த ஜாக்கெட்டை அளவாக வைத்துத்தான் வெட்டினேன்.